பித்தப்பை எடுத்த பிறகு காலை டிபன் முடிந்ததும் வயிற்றுப்போக்கு: எண்ணெய், தேங்காய் எவ்வளவு சேர்க்கலாம்?

இட்லித்தட்டு கேட்டது:

அம்மாவுக்கு 58 வயது. லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுத்து 24 நாள் ஆகிறது. தையல் ஆறிவிட்டது, காய்ச்சல், வலி எதுவும் இல்லை. தொந்தரவு காலையில்தான். எட்டரைக்கு மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, நல்லெண்ணெய் விட்ட பொடி, பிறகு காபி. அரை மணிக்குள் இரண்டு தடவை போகிறது, மஞ்சளாக, தண்ணியாக. மதியமும் ராத்திரியும் அவ்வளவு இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் "கொழுப்புக் குறைந்த உணவு" என்று ஒரே வரி. சொந்தபந்தம் ஆளுக்கொன்று சொல்கிறது: எண்ணெயே ஆகாது, பித்தம் ஏறும், ஆயுசுக்கும் பத்தியம். கரண்டிக் கணக்கில் எவ்வளவு விடலாம்? காலையில் மட்டும் ஏன்? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை எடுக்கிறார்.

கொங்குவாசி:

"பித்தம் ஏறும்" பேச்சை ஓரமாக வையுங்கள். வாதம், பித்தம், கபம் என்று நாட்டு வைத்தியத்தில் சொல்லும் பித்தம் வேறு, கல்லீரல் சுரக்கும் பித்தநீர் வேறு. பித்தப்பை பித்தநீரைச் சுரப்பதில்லை, அது மேல்தொட்டி மாதிரி. கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் 30 முதல் 50 மில்லி வரை பை பிடித்து வைத்து, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி, கொழுப்பு குடலுக்கு வந்ததும் சுருங்கிப் பீய்ச்சும். தொட்டியைக் கழற்றிவிட்டால் தண்ணீர் நின்றுவிடாது, நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே எண்ணெய் செரிக்கும். ஒரே வேளையில் நிறைய வந்தால்தான் கெட்டிப் பித்தநீர் கைவசம் இல்லாமல் திணறும்.

காலைக் கதை இது. ராத்திரி எட்டுக்குச் சாப்பிட்டால் மறுநாள் எட்டரைக்குள் பன்னிரண்டரை மணி நேரம் வயிறு காலி. அவ்வளவு நேரமும் சொட்டியது சிறுகுடலில் சேர்ந்து நிற்கிறது. முதல் வாய் உள்ளே போனதும் குடல் அசைந்து மொத்தத்தையும் தள்ளுகிறது. சாதாரணமாகச் சிறுகுடலின் கடைசிப் பகுதி பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கும்பலாக வந்தால் மிச்சம் பெருங்குடலில் விழும். அங்கே அது நீரைச் சுரக்க வைத்து, குடலை விரட்டும். மஞ்சள் நிறத்துக்கும் தண்ணித்தன்மைக்கும் காரணம் அதுதான்.

அதனால் இடைவெளியை உடையுங்கள். எழுந்ததும் அரை டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, கடைந்து வெண்ணெய் எடுத்த மோர் ஊற்றி. சர்க்கரை உள்ளவர் என்பதால் ரஸ்க், பிஸ்கட் வேண்டாம். எட்டரைக்கு இரண்டு இட்லி போதும், மூன்றாவதைப் பதினொரு மணிக்குத் தள்ளுங்கள். வெறும் வயிற்றில் காபி கூடவே கூடாது; அதுவும் குடலைக் கிளப்பிவிடும்.

அளவுக்கரண்டி:

இட்லி லேசான உணவு என்று எல்லோரும் நம்புகிறோம். இட்லி லேசுதான், பக்கத்தில் வைப்பது லேசு இல்லை. கூட்டிப் பாருங்கள். மூன்று இட்லியில் கொழுப்பு ஒரு கிராம்கூடத் தேறுவது கஷ்டம். பொடிக்கு நல்லெண்ணெய் 2 டீஸ்பூன் என்றால் 9 கிராம். ஒருவர் பங்குச் சட்னியில் தேங்காய் 20 கிராம் இருந்தால் 7 கிராம், தாளிப்பு 2. காபிக்கு ஆரஞ்சுப் பாக்கெட் பால், அதாவது 6 சதவீதக் கொழுப்பு, 150 மில்லி என்றால் 9 கிராம். ஒன்பது மணிக்குள் 27 கிராம்! முதல் ஆறு வாரம் ஒரு வேளைக்கு 10 கிராம் தாண்டாமல் பார்ப்பது நல்லது என்பது என் கணக்கு.

அப்படியென்றால் நாளொன்றுக்குச் சமையல் எண்ணெய் 3 டீஸ்பூன், அதாவது 15 மில்லி. கண்ணளவு ஊற்றினால் நிச்சயம் தவறும். காலையிலேயே 3 டீஸ்பூனைக் கிண்ணத்தில் அளந்து வைத்து, அம்மாவின் பங்கு அதிலிருந்து மட்டும். பொடிக்கு எண்ணெய்க்குப் பதில் மோரோ வெந்நீரோ விட்டுக் குழைக்கலாம். ருசி கொஞ்சம் இறங்கும், பொய் சொல்ல மாட்டேன். சட்னிக்கு தக்காளி, புதினா, பீர்க்கங்காய்த் தோல். பொட்டுக்கடலை ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போட்டால் வாயு. தோசை என்றால் பாதி வெங்காயத்தைக் கம்பியில் குத்தி எண்ணெயில் தொட்டுக் கல்லைத் துடையுங்கள், ஒரு தோசைக்கு கால் டீஸ்பூன்கூட ஆகாது.

பால் 3 சதவீத நீலப் பாக்கெட். மீன் குழம்பென்றால் சங்கரா, விரால். மத்தி இப்போதைக்கு வேண்டாம். மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுப் பரிமாறுங்கள். முட்டையில் மஞ்சள் கருவுக்கு 5 கிராம், ஒன்று போகலாம். ஆறு வாரம் கழித்து மூன்று நாளைக்கொரு தரம் ஒரு வேளையில் ஒரு டீஸ்பூன் கூட்டிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் அப்படியே, ஒத்துக்கொள்ளாவிட்டால் பழைய அளவுக்கு. பெரும்பாலானோர் சில மாதத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். வடை, பரோட்டா, பிரியாணி மட்டும் சிலருக்கு எப்போதும் வேலையைக் காட்டும்.

இட்லித்தட்டு:

27 கிராம் என்று நினைக்கவே இல்லை. தேங்காய் எண்ணெய்க்கு மாறினால் பித்தநீரே தேவையில்லை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், சரியா? இசப்கோல் கொடுக்கலாமா?

பார்மசிக்காரன்:

பாதி உண்மை. பித்தநீர் அதிகம் இல்லாமலே உறிஞ்சப்படுபவை நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புகள், அதாவது 8, 10 கார்பன் உள்ளவை. தேங்காய் எண்ணெயில் அவை கொஞ்சம்தான். கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம்; அது 12 கார்பன், பெரும்பகுதி மற்ற எண்ணெய் போகும் வழியிலேயேதான் போகும். மாற்றுவதால் செரிமானத்துக்குச் சலுகை எதுவும் இல்லை. அளவு அதே 3 டீஸ்பூன்.

இசப்கோல் கொடுக்கலாம். ஒரு டீஸ்பூனை முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடிக்க வேண்டும். கூழாகும்வரை விட்டால் தொண்டையில் சிக்கும். இது மலச்சிக்கலுக்குத்தானே என்று கேட்பீர்கள். நீரைப் பிடித்து வைப்பதால் தண்ணியாகப் போவதையும் கெட்டிப்படுத்தும். ராத்திரி ஒரு வேளையில் தொடங்குங்கள், மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி.

யாரும் தொடாத இடம் மெட்ஃபார்மின். அதுவே வயிற்றுப்போக்கு தரக்கூடியது, பித்த அமிலம் திரும்ப உறிஞ்சப்படுவதையும் குறைக்கும். வெறும் வயிற்றில் போடுகிறாரா என்று பாருங்கள். சாப்பாட்டோடுதான் போட வேண்டும். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அறுவைக்குப் பிறகு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் அடங்கவில்லை என்றால் கொலஸ்டிரமின் தூள் எழுதுவார்கள். பித்த அமிலத்தைக் குடலிலேயே கட்டிப்போடும். கூடவே மற்ற மருந்தையும் கட்டிப்போடும், அதுதான் வில்லங்கம். தைராய்டு, பிரஷர் மாத்திரை எதுவானாலும் இந்தத் தூளுக்கு ஒரு மணி நேரம் முன்போ, தூள் குடித்து 4 முதல் 6 மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். பலர் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிட்டு "தைராய்டு ஏறிவிட்டது" என்று வருவார்கள்.

கொங்குவாசி:

ஒன்று விட்டுப்போயிற்று. மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் பயப்பட வேண்டாம், வேகமாகப் போகிறது என்று அர்த்தம். சுண்ணாம்புபோல் வெளுத்து, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில், கண் மஞ்சளாக இருந்தால் பித்தநீர்க் குழாயில் கல் தங்கியிருக்கலாம். குளிர்காய்ச்சல், வலது விலாவுக்கு அடியில் விடாத வலி என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தம், எடை இறங்குவது இவற்றைப் பித்தப்பை எடுத்ததன் கணக்கில் எழுதாதீர்கள், தனியாகப் பார்க்க வேண்டும்.

இட்லித்தட்டு:

மெட்ஃபார்மினை எட்டு மணிக்கு, டிபனுக்கு முன்னால்தான் போடுகிறார். நாளையிலிருந்து இட்லியோடு.