சோதனைச் சாவடியில் கேட்ட சான்றிதழ்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பந்தலூர்க்காரன்

கொரோனா காலத்தில், கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வருவோர் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் சோதனைச் சான்றையோ, இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றையோ காட்ட வேண்டும் என்ற விதி 2021 ஆகஸ்டில் வந்தது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். பாட்டவயல், தாளூர், சோலாடி, நாடுகாணி என்று எங்கள் நீலகிரிப் பக்கத்துக் கேரள எல்லைகளெல்லாம் அன்றாடம் கடக்கும் சாலைகள்தாம். மருத்துவமனைக்கும் பெண் கொடுத்த வீட்டுக்கும் கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குப் போய் வருவதை நாங்கள் வெளிமாநிலப் பயணமாக நினைத்ததே இல்லை.

என் மாமியார் அங்கே படுக்கையில் இருந்தார். ஊர் திரும்புவதற்காக நானும் மனைவியும் சோதனைக்குச் சளி மாதிரி கொடுத்த மறுநாள் அவர் இறந்துவிட்டார். காரியத்தை முடித்துக்கொண்டு எல்லைச் சாவடி ஒன்றுக்கு வந்து சேர்ந்தபோது, பணியில் இருந்த காவலர் மாதிரி எடுத்த நேரத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். அவர் கடிந்து பேசவில்லை. ஒரு முறை எண்ணி, சந்தேகம் தீராமல் மறுபடியும் எண்ணினார். என் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். 76 மணி நேரம் ஆகியிருந்தது.

எங்களுக்குத் தடுப்பூசியின் முதல் தவணை ஜூன் மாதம் போடப்பட்டது. நாங்கள் போட்ட கோவிஷீல்டுக்கு 84 நாள் இடைவெளி இருந்ததால், இரண்டாவதைக் கேட்டாலும் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். திரும்பிப் போய் மறுபடி மாதிரி கொடுத்து இரண்டு நாள் காத்திருந்தோம். எங்கள் ஆறு வயது மகன் அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டில் இருந்தான்.

கொழுந்துக்காடு

நான் சான்றிதழ் கேட்ட பக்கத்தில் நின்றவன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தேன். ஒரு தவணையாவது போட்டதற்கான சான்று இல்லாதவர்களின் பெயரைச் செக்ரோலில், அதாவது அன்றாட வருகைப் பேரேட்டில், ஏற்றக் கூடாது என்று எங்களுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தது.

ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். தடுப்பூசி முகாமில் ஊசி போட்டுக்கொண்டது உண்மை. அவரிடம் கைபேசி இல்லாததால் தெருவில் யாரோ ஒருவரின் எண்ணில் பதிவு செய்திருக்கிறார்கள். ஓர் எண்ணில் நான்கு பேர் வரை பதியலாம் என்பதால் அப்போது பலரும் அப்படித்தான் செய்தார்கள். சான்று அந்த எண்ணுக்குப் போய்விட்டது. அந்த ஆளோ திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த அம்மா சட்டைக் கையைத் தோள் வரை உயர்த்தி, ஊசி போட்ட இடத்தை என்னிடம் காட்டினார். நான் அவருடைய கையைப் பார்க்காமல் ஏட்டைப் பார்த்துக்கொண்டு, நாளைக்கு வாருங்கள் என்றேன். சான்று கிடைக்க நான்கு நாளாயிற்று, நான்கு நாள் கூலியும் போயிற்று.

குன்னூர் செவிலி

இரண்டு பதிவுகளையும் வருத்தத்தோடு படித்தேன். ஆனாலும் பந்தலூர் நண்பரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காவலர் 76 மணி நேரத்தை அனுமதித்திருந்தால், அடுத்து வருபவரின் 80 மணி நேரத்தை எந்த நியாயத்தைச் சொல்லித் தடுப்பார்? மூச்சுத் திணறல் முற்றிய நோயாளியைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டுமென்றால், அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஆக்சிஜன் உருளையோடு இறங்க வேண்டும் என்பதை அந்த வண்டியில் உட்கார்ந்து போனவர்கள் அறிவார்கள். மலைக்கு ஒரு வாசல் இருந்தது நல்லதென்றுதான் இன்றும் நினைக்கிறேன். நாய்க்கடி மருத்துவத்துக்கான பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கும் ஊரில் பிறந்தவள் நான். நாய்க்கடி ஊசியைப் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்ததால், தடுப்பூசியின் அருமையை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் அனுபவம் சிறியது. சுற்றுலா வந்த ஒரு குடும்பம் தேதியைத் திருத்திய சோதனைச் சான்றோடு வந்து, இரண்டாம் நாள் காய்ச்சலோடு எங்களிடம் வந்தது. அவர்கள் தங்கிய அறைக்கு உணவு கொண்டுபோன பையனுக்கும் தொற்றியது.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினிலிருந்து சான்றைப் பதிவிறக்கி அச்சிட்டு வையுங்கள். பெயரோ பிறந்த ஆண்டோ தவறாக இருந்தால் அதைத் திருத்தக் கோரும் வசதியை அந்தத் தளத்தில் பின்னர் சேர்த்தார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களின் பெயர் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அயலார் எண்ணைக் கொடுத்துப் பதியாதீர்கள். வீட்டில் பிள்ளைகள் எண்ணை மாற்றினால், எந்தெந்த ஆவணத்தில் பழைய எண் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த நோய் வரும்போது இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

ஊட்டி மார்க்கெட்

மதுக்கடையில் தடுப்பூசிச் சான்று காட்டினால்தான் சரக்கு என்று 2021 செப்டம்பரில் எங்கள் மாவட்டத்தில் அறிவிப்பு வந்ததே, அதை யாரும் எழுதவில்லை. மாதக்கணக்கில் நானும் அம்மாவும் கெஞ்சியும் அசையாத அப்பா, மறுநாள் காலை முகாம் வரிசையில் கை நடுக்கத்தோடு நின்றார். அவர் ஊசி போட்டுக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் குடிநோயால் நடுங்கும் ஒருவரின் கையை அப்படி நீட்ட வைத்ததைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது என்றும், பொதுநலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது அளவோடு இருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று தீர்ப்பளித்தது. அந்த அளவு எது என்றுதான் நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பந்தலூர்க்காரன்

செவிலி சகோதரிக்கு: வாசல் கூடாது என்று நான் எழுதவில்லை. மாதிரி கொடுத்துவிட்டு வெளியே வந்த அடுத்த மணி நேரத்திலேயே ஒருவருக்குத் தொற்றலாம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவரின் 71 மணி நேரத் தாள் செல்லும், எங்கள் தாள் செல்லாது. அரை மணி நேரத்தில் முடிவு சொல்லும் விரைவுச் சோதனை அப்போதே புழக்கத்தில் இருந்தது. சான்று கேட்ட இடத்தில் அதற்கு ஒரு மேசை போட்டிருந்தால், நாங்கள் அங்கேயே மூக்கை நீட்டியிருப்போம். நிரூபிக்கச் சொல்பவர், நிரூபிக்கும் வழியையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வாதம்.

கொழுந்துக்காடு

விட்டுப்போன ஒன்று. மகளின் கல்யாணப் பத்திரிகை கொடுக்க சென்ற தை மாதம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைக் கண்டதும் உள்ளே போய், குடும்ப அட்டை வைத்திருந்த பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அந்தச் சான்றை எடுத்து வந்து, "இப்ப சரியா இருக்குங்கய்யா, பாருங்க" என்றார். அவர் கையில் பத்திரிகையைக் கொடுக்க எனக்குச் சற்று நேரமாயிற்று.