துறுதுறுப்பாக இருந்தாலே ஏ.டி.எச்.டி.யா?

கரும்பலகை: 22 வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்காராத பிள்ளையை இப்போது உடனே மருத்துவரிடம் அனுப்பச் சொல்கிறார்கள். ஒரே வகுப்பில் பதினோரு மாதம் இளைய பிள்ளையும் இருக்கும். வகுப்பிலேயே வயதில் சிறியவர்களுக்குத்தான் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) என்ற பெயர் அதிகம் விழுகிறது என்று பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆறு வயதில் பதினோரு மாதம் சின்ன வித்தியாசமா?

நிலாமுற்றம்: வயது விஷயம் உண்மைதான் சார். ஆனால் முறையாகப் பார்ப்பவர்கள் 'உடனே' சொல்வதில்லை. கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் 9. ஏதாவது ஒரு பட்டியலில் 6 இருக்க வேண்டும்; ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும்; வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும்; 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

என் மகளிடம் துறுதுறுப்பே கிடையாது. ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருப்பாள். யாருக்கும் தொந்தரவு இல்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. 11 வயதில்தான் தெரிந்தது. அதுவரை அவளுக்குப் பெயர் 'சோம்பேறி'. அந்தப் பெயரை வைத்தது மருத்துவர் இல்லை, நாங்கள்தான்.

ஊர்க்குருவி: மொபைலில் இரண்டு மணி நேரம் அசையாமல் விளையாடுகிற பிள்ளைக்குக் கவனம் இல்லையா? வீட்டில் கண்டிப்பு இல்லை, அவ்வளவுதான்.

நிலாமுற்றம்: கவனமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வேண்டிய இடத்தில் அதை நிலைநிறுத்த முடியவில்லை என்பதுதான் சிக்கல். கேம் நொடிக்கு நொடி பரிசு தருகிறது, வீட்டுப்பாடம் தருவதில்லை. கண்டிப்பையும் நாங்கள் வேண்டிய மட்டும் செய்து பார்த்துவிட்டோம். இரட்டையர் ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல் வருகிறது. 2007இல் வெளியான ஸ்கேன் ஆய்வில் இந்தப் பிள்ளைகளின் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) முதிர்வதில் சுமார் 3 வருடத் தாமதம் தெரிந்தது.

கரும்பலகை: தாமதம்தான் என்றால் காத்திருக்கலாமே? மாத்திரை போட்ட பிள்ளைகள் மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைப்பதை நான் பார்க்கிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை என்கிறார்கள்.

நிலாமுற்றம்: பசி குறைவது உண்மை, எங்களுக்கும் அளவை மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் சிகிச்சை என்றாலே மாத்திரை இல்லை. ஆறு வயதுக்குக் கீழே முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி தரச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டி. அப்புறம், பலருக்கு இது வளர்ந்த பிறகும் தொடர்கிறது. காத்திருக்கிற வருடங்களில் பிள்ளை என்னென்ன பேச்சு கேட்டுக்கொண்டிருக்கும், சொல்லுங்கள்?

கரும்பலகை: அமைதியாக இருக்கும் பிள்ளைகளை இந்தக் கோணத்தில் நான் பார்த்ததே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். என் வகுப்பில் மூன்றாவது வரிசையில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். நாளைக்கே அவள் அம்மாவிடம் பேசுகிறேன். துறுதுறுப்பானவர்கள் விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. காது சரியாகக் கேட்கிறதா, ராத்திரி குறட்டை விட்டுத் தூக்கம் கெடுகிறதா என்று பார்க்காமல் எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயரை வைக்கச் சம்மதிக்க மாட்டேன்.

நிலாமுற்றம்: அதில் எனக்கும் மறுப்பில்லை சார். அந்த அம்மாவிடம் பேசும்போது மகளின் மதிப்பெண்ணிலிருந்து தொடங்காதீர்கள்.