கலிஃபோர்னியா: கல்யாண கேட்டரிங்கில் பாரும் நாமே போட என்ன லைசென்ஸ்?

சமையல்கட்டு:
சன்னிவேலில் ரெஸ்டாரண்ட். டைப் 47 லைசென்ஸ் (ரெஸ்டாரண்டில் மது விற்கும் உரிமம்) இருக்கு. பீர், ஒயின், ஸ்பிரிட்ஸ் மூணும் கடையில் ஓடுது. ஃப்ரீமான்ட் ஹால் ஒன்றில் 200 பேர் ரிசப்ஷன் ஆர்டர். சாப்பாடு, பார் ரெண்டுக்கும் சேர்த்துத் தலைக்கு ஒரே ரேட் கேட்கிறாங்க. கடை லைசென்ஸை வைத்தே அங்கே ஊற்றலாமா? பாட்டிலை அவங்களே வாங்கித் தந்தால் லைசென்ஸ் தொல்லையே இல்லையா?

லைசென்ஸ்மேஜை:
ஊற்ற முடியாது. டைப் 47 உங்கள் கடை விலாசத்தோடு சரி. வெளியில் விற்க அதன்மேல் டைப் 58, அதாவது கேட்டரர் பெர்மிட் வாங்க வேண்டும். பலர் அத்தோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஏபிசி துறையின் (மாநில மதுக் கட்டுப்பாட்டுத் துறை) அனுமதி தனியாக வேண்டும். படிவம் ஏபிசி-218. தேதி, நேரம், ஹால் விலாசம், எத்தனை பேர், பார் எந்த மூலையில் என்பதையெல்லாம் தெளிவாகக் கொடுங்கள். ஹால்காரர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அட்வான்ஸ் கைக்கு வந்த அன்றே விண்ணப்பம் போய்விட வேண்டும். நிகழ்ச்சிக்கு நாலு நாள் முன்பு போட்டுவிட்டு அனுமதி வரும் என்று நம்பி சரக்கை ஏற்றாதீர்கள்.

  ரெஸ்டாரண்டே இல்லாத கேட்டரர்களுக்கு டைப் 83 என்று தனி வகை உண்டு.

கணக்குப்பிள்ளை:
இரண்டாவது கேள்விக்கு. கலிஃபோர்னியா வணிக, தொழில் சட்டத் தொகுப்பு (Business and Professions Code) பிரிவு 23399.1-இல் லைசென்ஸ் இல்லாமலே பரிமாற விலக்கு இருக்கிறது, மூன்று நிபந்தனையோடு: மது விற்பனை கூடாது, ஊற்றும் நேரத்தில் பொதுமக்களுக்கு இடம் திறந்திருக்கக் கூடாது, மது வைத்துப் பரிமாறுவதற்கென்றே நடத்தும் இடமாகவும் இருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் கல்யாண வீட்டுக்காரர் வாங்கிய பாட்டிலை உங்கள் ஆள் ஊற்றலாம்.

இதைக் கெடுப்பது பில்தான். தலைக்கு ஒரே ரேட்டில் மதுவும் அடங்கினால் அது விற்பனை. "நாங்களே வாங்கி வந்து செலவைச் சேர்த்துக்கொள்கிறோம்" என்பதும் அப்படியே, லாபம் வைக்காவிட்டாலும்கூட. ரசீது அவர்கள் பெயரில் இருக்கட்டும். உங்கள் பில்லில் பார்டெண்டர் கூலி, ஐஸ், கிளாஸ் வாடகை மட்டும் வரட்டும். மிஞ்சிய பாட்டில் அவர்கள் காரில் ஏறட்டும். உங்கள் கடைக்கு வரக் கூடாது.

டைப் 58 வழியில் போனால் அதே சட்டத்தின் பிரிவு 23402-ஐப் படித்துவிடுங்கள். விற்பதற்கான சரக்கைச் சில்லறைக் கடையில் வாங்கக் கூடாது, லைசென்ஸ் உள்ள உற்பத்தியாளரிடமோ மொத்த விநியோகஸ்தரிடமோதான். இரவு பத்து மணிக்கு ஒயின் தீர்ந்து, பையனைப் பக்கத்துக் கடைக்கு ஓடவிடுவது அங்கேயே மீறல். அதனால் கணக்கைத் தாராளமாகப் போடுங்கள்: 750 மில்லி ஒயினில் 150 மில்லி வீதம் 5 கிளாஸ், விஸ்கியில் 45 மில்லி வீதம் 16. குடிப்பவர் ஒருவருக்கு மணிக்கு ஒரு கிளாஸ் என்று வையுங்கள்.

பார்கவுண்டர்:
ஆட்களையும் கவனிங்க. ஊற்றுபவர், அவரை மேற்பார்க்கும் மேனேஜர் எல்லோருக்கும் ஆர்பிஎஸ் (பொறுப்பாக மது பரிமாறும் பயிற்சி) சான்றிதழ் கட்டாயம். வேலைக்குச் சேர்ந்த 60 நாளுக்குள் எடுக்கணும், மூணு வருஷம் செல்லும். ஏபிசி போர்ட்டலில் பதிவு செய்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயிற்சி முடித்து, 30 நாளுக்குள் தேர்வு. பாஸ் மார்க் 70%, வாய்ப்பு மூணு. பார் மேஜையில் 21 வயது நிரம்பியவரையே நிறுத்துங்க. கல்யாணக் கூட்டத்தில் சித்தப்பா ரெண்டு கிளாஸ் வாங்கி ஒன்றை 19 வயதுப் பையனிடம் நீட்டுவார். ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு கிளாஸ்தான் என்று முதலிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்க.

இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் கேட்க வேண்டியது ஒன்றே: மதுப் பொறுப்புக் காப்பீடு (குடித்தவரால் வரும் நஷ்டத்துக்கானது) கடைக்கு வெளியேயும் செல்லுமா? கடை விலாசத்துக்கு மட்டும் என்று பாலிசியில் இருந்தால், அந்த ராத்திரிக்கு உங்களுக்குக் காப்பீடே இல்லை.

சமையல்கட்டு:
டைப் 58-க்கே போடுகிறேன். அதே ஹாலில் சனிக்கிழமைதோறும் எடுத்தால்?

லைசென்ஸ்மேஜை:
ஒரே இடத்துக்கு ஆண்டுக்கு இத்தனை நிகழ்ச்சிதான் என்று வரம்பு உண்டு. ஹாலோடு ஒப்பந்தம் போடும் முன் ஏபிசி மாவட்ட அலுவலகத்தில் உங்கள் தேதிப் பட்டியலைக் காட்டுங்கள். வாராவாரம் என்றால் அந்த ஹாலுக்கே தனி லைசென்ஸ் எடுக்கச் சொல்வார்கள்.