ஒரே சிறுநீரகம், 8 செ.மீ. கட்டி: கட்டியை மட்டும் எடுக்க முடியுமா?

கேள்வி:
அப்பாவுக்கு இருப்பது ஒரே சிறுநீரகம். அதில் 8 செ.மீ. புற்றுநோய்க் கட்டி, நுரையீரலுக்கும் பரவியிருக்கிறது. முழுதாக எடுத்தால் டயாலிசிஸ்தான் என்கிறார்கள். கட்டியை மட்டும் எடுக்க வழி உண்டா?

பதில் 1:
உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. 4 செ.மீ.க்குள் என்றால் பகுதி அகற்றல்தான் (கட்டியை மட்டும் எடுத்து மிச்ச சிறுநீரகத்தை விட்டுவைப்பது) முதல் தேர்வு, 7 வரைகூட முடிந்தால் செய்வார்கள், அதற்கு மேல் பெரும்பாலும் முழுதாக எடுத்துவிடுவார்கள். ஒரே சிறுநீரகம் என்பதால் உங்கள் அப்பா விஷயம் வேறு. அளவைவிட இடம் முக்கியம்: வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் எளிது, நடுவில் ரத்தக்குழாயை ஒட்டியிருந்தால் கஷ்டம், ஏனென்றால் வெட்டும்போது ரத்த ஓட்டத்தைக் கவ்வி போட்டு நிறுத்துவார்கள், அது நீள நீள மிச்சமிருக்கும் சிறுநீரகமும் அடி வாங்கும்.

பதில் 2:
பரவியிருக்கிறது என்றால் முதலில் மருந்தா அறுவையா என்று கேளுங்கள். 2018-ல் வந்த கார்மேனா ஆய்வில், சுனிடினிப் என்ற புற்றுநோய் மருந்தை மட்டும் எடுத்தவர்கள், சிறுநீரகத்தை எடுத்துவிட்டு அதே மருந்தை எடுத்தவர்களைவிட ஆயுளில் பின்தங்கவில்லை. இப்போது, உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபியும் இருக்கிறது. சிலருக்கு ஆக்ஸிடினிப் மாதிரி மாத்திரையில் கட்டி சுருங்கி, அப்புறம் பகுதி அறுவை செய்ய முடிந்திருக்கிறது. அவசரப்பட்டு முழுதாக எடுக்கச் சம்மதிக்காதீர்கள், புற்றுநோய் மருத்துவரையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
கட்டி கீழ்முனையில், பாதி வெளியே தெரிகிறது என்று ஸ்கேன் அறிக்கையில் இருக்கிறது. சரி, மருந்து பற்றிக் கேட்கிறேன். ரொம்ப நன்றி.