பிரேக்த்ரூ பெயினுக்கு "மீறுநோ" எண்டு வைப்பமே

அண்ணை, அக்கா, எல்லாருக்கும் வணக்கம்.

பிரேக்த்ரூ பெயின் (breakthrough pain), அதாவது நேரத்துக்கு மருந்து குடுத்தும் அதையும் தாண்டித் திடீரெண்டு வாற நோவுக்கு, தமிழ்ச்சொல் தேடி நீங்கள் அனுப்பின சொல்லுகள் எல்லாத்தையும் ராத்திரி இருந்து வாசிச்சன். "திருப்புமுனை வலி" வேண்டாம், அது அகராதியில இருந்து வந்த சொல், நோவில இருந்து வரேல்லை. "ஊடுருவு வலி" இலக்கணத்துக்குச் சரிதான், ஆனா எங்கட சனத்தின்ர காதில ஊடுருவல் எண்டா ஆமிக்காலம்தான் ஞாபகம் வரும், படுக்கையில கிடக்கிற ஆளுக்கு அதைக் கொண்டுபோய்க் குடுக்க எனக்கு மனமில்லை.

அதுக்கு முதல் இந்த "வலி". அம்மாக்கு மார்புப் புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் பரவி, வீட்டில வச்சுப் பாத்த நேரம், வாற நேர்ஸ் பிள்ளை ஒவ்வொருமுறையும் "வலி இருக்கோ அம்மா" எண்டு கேக்கும், அம்மா இல்லையெண்டு தலையாட்டுவா, பிள்ளையும் அப்பிடியே எழுதிப்போட்டுப் போயிடும். அம்மாக்கு வலியெண்டா வலிவருத்தம், கைகால் இழுக்கிறது! பிறகு நான் "எங்கயணை நோகுது" எண்டு கேக்கத்தான் நாரி உளையுது, கால் எரியுது, திரும்பினாக் குத்துது எண்டு ஒண்டொண்டாச் சொன்னவ. உளைவு வேற எரிவு வேற, எரியுதெண்டா நரம்பில பிடிச்சிருக்கோ எண்டு டொக்டர் யோசிப்பார், மருந்தும் மாறும். அதாலதான் "வலி"யை விட்டிட்டு "நோ" எண்டு எடுத்தனான். அது நோய் எண்டதோட குழம்பும் எண்டு அண்ணை எழுதியிருந்தீங்கள், ஆனா பேச்சில நோயை நாங்கள் வருத்தம் எண்டுதானே சொல்லுறம்.

இனி "மீறு". மோபின் (morphine) எண்ட கடும் நோவுக்கான மருந்துப் பாணியை நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நேரம் பிந்தாமல் குடுத்து, நோ அடங்கிக் கிடக்கேக்க, திடீரெண்டு கிளம்பி சில நிமிசத்தில உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணித்தியாலமளவில தணியிற நோ இது. போட்டனோய், ஹேகன் எண்ட ரெண்டு டொக்டர்மார் 1990இல இதை வரையறுத்து எழுதினவை. அம்மா அதை "மருந்தையும் மீறி வருகுதடா" எண்டு சொன்னவ. அவ்வளவுதான், அதில இருந்துதான் எடுத்தனான்.

சொல் தெளிவா இருந்தாத்தான் நோவைக் குறிக்கிற கொப்பியில எழுதிறதும் தெளிவா இருக்கும். அடுத்த நேரத்து மருந்துக்குக் கொஞ்சம் முன்னால ஒவ்வொருநாளும் நோ வருகுதெண்டா அது மீறுநோ இல்லை, குடுக்கிற அளவு காணாது எண்டு அர்த்தம். மீறுநோவுக்கு இடையில குடுக்கிற மோபின் பொதுவா ஒருநாள் மொத்தத்தில ஆறில ஒண்டு, அதாவது ஒருநாளைக்கு 60 மில்லிகிராம் எடுக்கிறவைக்கு 10 மில்லிகிராம், அதையும் டொக்டர்தான் எழுதித் தரவேணும். அதுக்கு "மீறுநோ மருந்து" எண்டே பேர் வைக்கலாம். தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரியில கிளினிக் முடிச்சு, குறிகட்டுவானில படகேறி நெடுந்தீவுக்குப் போற மகளுக்கு போத்திலில அந்தப் பேர் இருந்தா எந்த நேரம் எடுக்கிறதெண்டு ஆரையும் கேக்கத் தேவையில்லை.

அம்மாவை உடம்பு துடைக்கத் திருப்பேக்கதான் கூட நொந்தது. வாயால குடுக்கிற மோபின் வேலைசெய்ய அரை மணித்தியாலமாவது எடுக்கும் எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லேல்லை, நாங்கள் துடைச்சு முடிச்சுப்போட்டுக் குடுத்தம். பிறகு டொக்டர் சொல்லி முன்னுக்கே குடுத்து, சுடுதண்ணியும் துவாயும் எடுத்துவச்சுப்போட்டு மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருப்பம். இந்த அசைவில வாற நோவுக்கு "அசைநோ" எண்டு அக்கா போட்டது நல்லாத்தான் இருக்கு, ஆனா இருமேக்கயும் விழுங்கேக்கயும் வாறதும் அதுக்குள்ள அடங்கவேணுமே, அதுக்கு வேற சொல் ஆருக்கும் வருதோ?