புதுப்பிப்பு: ஆரல்வாய்மொழியில் வழுக்கிய மஸ்டாங்

நண்பரின் மஸ்டாங் ஜிடி காரை, சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்து ஓட்டியபோது, ஆரல்வாய்மொழி அருகே சாரல் நனைத்த வளைவில் பின்பக்கம் வெட்டி இழுத்தது. காரணம் என்ன என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். டயரின் வயதைப் பார்க்கச் சொன்ன மார்த்தாண்டத்து அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி!

பின்டயரின் பக்கவாட்டில் 3217 என்ற எண். அதாவது 2017ஆம் ஆண்டின் 32ஆவது வாரத் தயாரிப்பு. பள்ளங்கள் ஆழமாகவே இருக்கின்றன. ஆனால் நகத்தால் அழுத்தினால் ரப்பர் இறங்கவே இல்லை, கட்டைபோல் இறுகிவிட்டது; அதனால்தான் ஈரச் சாலையில் பிடிப்பு குறைந்திருக்கிறது.

என் தவறும் உண்டு. 5 லிட்டர் வி8 எஞ்சினின் விசை முழுவதும் பின்சக்கரங்களுக்கே போகிறது. சக்கரம் வீணாகச் சுழன்றால் விசையைக் குறைப்பது டிராக்‌ஷன் கண்ட்ரோல்தான். அதை அணைத்துவிட்டு, வளைவு முடியுமுன்பே ஆக்சிலரேட்டரை மிதித்தேன். பொதுச்சாலையில் இனி அந்தப் பொத்தானைத் தொடமாட்டேன். திங்களன்று நாகர்கோவிலில் டயர்களை மாற்றுகிறோம்.