டிலனாய் கல்லறைக்கு மூன்று மெழுகுதிரி

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

தோஹாவிலிருந்து எழுதுகிறேன். இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஊரில் இருக்கக் கொடுத்து வைத்தது. அப்பா இறந்தபிறகு வந்த முதல் நவம்பர் 2. நம் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குத் திரி கொளுத்தி, சாமியார் மந்திரித்து முடித்ததும், மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனேன். அப்பா என்னைக் கூட்டிப்போன மாதிரியே.

எந்தக் கோட்டை என்று புலியூர்க்குறிச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில், நாகர்கோவில் - திருவனந்தபுரம் ரோட்டை ஒட்டி இருக்கிற உதயகிரிக் கோட்டை. நம் பெரியவர்கள் வாயில் அது எப்போதும் டிலனாய் கோட்டைதான். இப்போது உள்ளே வனத்துறைப் பூங்கா. டிக்கெட் எடுத்து மான் பார்க்கப் போகிற கூட்டத்தில் பாதிப்பேர், கூரையில்லாமல் நிற்கிற அந்தச் சின்னக் கோவில் சுவர்களுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. அங்கேதான் யுஸ்தாக்கியுஸ் பெனடிக்டுஸ் டி லனாய் கிடக்கிறார். பக்கத்தில் மனைவி மார்கரெத்தா. இன்னொரு பக்கம் மகன் யோகன்னாஸ்.

குளச்சல் போர் எல்லாருக்கும் தெரிந்த கதை. மிளகுக்காக வந்த டச்சுக் கம்பெனிப் படையை 1741 ஆகஸ்ட் 10-ல் திருவிதாங்கூர் மார்த்தாண்டவர்மா மகாராஜா தோற்கடித்தார், பிடிபட்டவர்களில் டிலனாயும் ஒருவர், பிறகு அதே மகாராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி ஆனார். பள்ளிப் புத்தகத்தில் இதோடு ஆளை விட்டுவிடுவார்கள். உதயகிரியைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டியது, உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறை வைத்தது, கன்னியாகுமரிப் பக்கம் வட்டக்கோட்டையைப் பலப்படுத்தியது, வடக்கே கொச்சிப் பக்கம் நெடுங்கோட்டை எழுப்பியது என்று கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் அடுக்குவார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அப்பா எனக்குக் காட்டிய டிலனாய் வேறே ஆள்.

அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் 9-வது பட்டாலியன். பழைய திருவிதாங்கூர் படையின் வழி வந்த பட்டாலியன் அது. நீலகிரி வெலிங்டனில் பயிற்சி எடுத்தபோது குளச்சல் பேரைக் கேட்டதும், "அது நம்ம ஊருக்குப் பக்கம்லா" என்று பெருமையாகச் சொன்னாராம். ரிட்டையராகி வந்தபிறகு பட்டாளக் கதை ஒன்றும் வீட்டில் சொன்னதில்லை. காலையில் பூசை, மத்தியானம் தோட்டம், சாயங்காலம் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் செபமாலை. அவ்வளவுதான் அவர். அந்த மனுஷன் வருஷத்துக்கு ஒரு நாள், ஊர்க் கல்லறையில் திரி கொளுத்திய கையோடு, மூன்று மெழுகுதிரிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோட்டைக்கு நடப்பார். உள்ளே போனதும் விறைப்பாக நின்று ஒரு சல்யூட். அப்புறம் மகன் கல்லறையில் முதல் திரி. தகப்பனுக்கும் தாய்க்கும் அதற்குப் பிறகுதான்.

ஏன் மகனுக்கு முதலில் என்று சின்ன வயதில் ஒருதடவை கேட்டேன். "மக்ளே, இவரு பெத்த பிள்ளையப் பொதச்சவரு. இவருக்கு மொதல்ல அந்தக் கல்லுலதான் வெளிச்சம் தெரியணும்" என்றார்.

யோகன்னாஸ் 1765-ல் களக்காட்டுச் சண்டையில் செத்தவன். இருபது வயதை ஒட்டிய பையன். தகப்பன் சேர்ந்த படையிலேயே மகனும் சேர்ந்தான். மலைக்கு அந்தப் பக்கம் களக்காடு யாருக்கு என்று திருவிதாங்கூருக்கும் ஆற்காட்டு நவாபின் ஆட்களுக்கும் ஓயாத தகராறு நடந்த காலம் அது. இன்றைக்குப் பஸ் ஏறினால் பணகுடி, வள்ளியூர் வழியாகப் போய்விடுகிற தூரம்தான்.

அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு வேதாகமத்து யோபு ஞாபகம்தான் வரும். காரணம் உங்களுக்கே தெரியும். நட்டாலத்து நீலகண்டபிள்ளை பத்மநாபபுரத்தில் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர். வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நஷ்டம் வந்து மனம் ஒடிந்து கிடந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய்தான். ஆடுமாடு போய், பெற்ற பிள்ளைகள் போய், உடம்பெல்லாம் புண்ணாகியும் கடவுளை விடாத மனிதனின் கதை. அதைக் கேட்டுத்தான் நீலகண்டபிள்ளை வடக்கன்குளம் போய், 1745 மே 14-ல் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். கதை சொன்னவரின் மகன் அப்போது கைக்குழந்தையாக இருந்திருப்பான், கணக்குப் பார்த்தால்.

இருபது வருஷம் கழித்து, சொன்னவரே யோபு ஆனார்.

நடுவில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. அதைப் பற்றி நம்மில் யாரும் பேசுவதில்லை. 1749-ல் தேவசகாயத்தைக் கைது செய்தார்கள். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனார்கள். நம் ஊர் முட்டிடிச்சான் பாறையில் அவர் முழங்கை பட்டுத் தண்ணீர் வந்தது என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்! அந்தப் பாறைக்கும் கோட்டைக்கும் எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எந்த மகாராஜாவின் உப்பைத் தின்றாரோ, அந்த மகாராஜாவின் ஆட்கள் சுட்டது தன் சிநேகிதனைத்தான் என்று தெரிந்தே டிலனாய் இன்னும் 25 வருஷம் இங்கே உழைத்தார். இதை வைத்து அவரைக் குறை சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பிடிபட்டு வந்த அன்னியன் அவர். பெண்டாட்டி பிள்ளை இங்கே. திரும்பிப் போக ஒரு ஊர் இருந்ததா அவருக்கு? குடும்பத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் ஒரு எஜமானுக்குக் கீழே வேலை பார்க்கிற நமக்கு, அந்த நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று ஓரளவாவது புரியும். அவர் சொன்ன கதை வீண்போகவும் இல்லை. 2022 மே 15-ல் ரோமாபுரியில் தேவசகாயத்தைப் புனிதர் என்று அறிவித்தபோது நம்மில் எத்தனைபேர் டிவிக்கு முன்னால் அழுதோம்!

டிலனாய் கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து உண்டு. லத்தீனை ஒரு சாமியார் எனக்கு வாசித்துச் சொன்னார். வழிப்போக்கனே நில் என்று தொடங்கி, ஏறக்குறைய 37 வருஷம் ராஜாவுக்கு உண்மையாகச் சேவித்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரை ஜெயித்ததையும் சொல்லி, 62 வருஷம் 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1-ல் இறந்தார், சமாதானத்தில் இளைப்பாறட்டும் என்று முடிகிறது. கொச்சி வரை ஜெயித்த விஷயத்தைக் கேட்டு என் மகள் வியக்கவில்லை. தமிழ் எழுத்தைத்தான் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளக்காரருக்கு எதுக்குப்பா தமிழ்ல எழுதிருக்கு?" என்று கேட்டாள். படிக்கப்போகிறவர்கள் நம் ஆட்கள்தானே என்றேன்.

சரி, கடிதம் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். வருகிற 2027 ஜூன் 1 அன்று அவர் இறந்து 250 வருஷம் ஆகிறது. நம் ஊர்க்காரர் சங்கத்தின் சார்பில் நம் பங்குக் கோவிலில் அவருக்கும் மார்கரெத்தாவுக்கும் யோகன்னாசுக்கும் ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. தளபதிக்கு விழா என்று மேடை, மைக், பொன்னாடை எதுவும் வேண்டாம். நம் ஊரில் ஒரு தகப்பன் இறந்தால் எப்படிச் செய்வோமோ அப்படி. பூசை முடிந்து, உரிய அனுமதி வாங்கிக் கோட்டைக்குப் போய், கல்லறைப் பக்கம் நின்று "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்" சொல்லிவிட்டு வரலாம். பூசைக் காணிக்கை என்னுடையது. ஊரில் இருக்கிற யாராவது பங்குச் சாமியாரிடம் இப்போதே ஒரு வார்த்தை போட்டு வைத்தால் நல்லது. அனுமதிக்கு எழுதும் விண்ணப்பத்தைத் தமிழில் நான் தயார் செய்து தருகிறேன்.

கல்லைச் சுத்தம் செய்கிறோம், பெயிண்ட் அடிக்கிறோம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பழைய எழுத்து, ஒருதடவை போனால் போனதுதான். மெழுகுகூடக் கல்மேல் சொட்டக்கூடாது. அப்பா ஒரு சிரட்டையில் மணல் கொண்டுபோய், அதில்தான் திரி நடுவார்.

ஜூனில் லீவு கிடைக்கிறவர்கள் முன்கூட்டியே பதில் போடுங்கள். நான் வர முடியாமல் போனால், போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று திரி கொண்டுபோங்கள். முதலில் மகனுக்கு.